தகட்டைத் தொடாத இருபத்தாறு நாள்

2007 ஜூலை 16, திங்கட்கிழமை, விடிகாலை ஐந்தே காலுக்கு பாண்டிச்செல்வி தன் கணவனிடம் காப்பித் தம்ளரை நீட்டினாள். அவன் விரல் தம்ளரில் படும் முன்பே அவள் விரல் நுனியில் சுள்ளென்று ஏதோ கடித்தது. கையை உதறியதில் பாதிக் காப்பி தரையில் கொட்டியது.

முனியராஜுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா செல்வி? ஏறிருச்சு பாத்தியா? முப்பது நாளைக்குள்ள அடுத்தவுகளுக்கே தெரியும்னு சார் சொன்னாரு. இன்னைக்கு இருபத்தொம்பது."

அவள் பழைய துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள். பட்டாசுக் கம்பெனியில் பதினோரு வருடமாகக் காகிதக் குழாய் உருட்டுகிறவள். ஆனி, ஆடிக் காற்று வறண்டு அடிக்கும்போது உடம்பில் மின்சாரம் ஏறும் என்பதும், பட்டாசு மருந்து வெடிக்க அந்தப் பொறி ஒன்று போதும் என்பதும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பெரியவர் ஒருவர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது. முனியராஜுக்கும் அதே நாளில் அதே ஆள்தான் சொல்லிக் கொடுத்தார். இப்போது அவன் மருந்து கலக்குகிறவன்.

அவர்களுடைய கஷ்டம் முந்தைய வருடம் செப்டம்பரில் ஆரம்பித்தது. தீபாவளிச் சீட்டு நடத்திய ஒரு நிறுவனத்துக்காக முனியராஜ் நாற்பத்தொரு பேரிடம் மாதம் நூற்றைம்பது வீதம் பத்து மாதம் பிடித்துக் கொடுத்திருந்தான். தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கையில் நிறுவனத்தின் கதவில் பூட்டுத் தொங்கியது. பணம் கட்டிய எல்லோரும் சொந்த ஊரான எம். புதுப்பட்டிக்காரர்கள், கூட வேலை செய்கிறவர்கள். ஓடிப் போகவும் மனமில்லை, கையை விரிக்கவும் மனமில்லை. வட்டிக்கு விடும் சொர்ணலட்சுமியிடம் அறுபதாயிரம் வாங்கி, கையிலிருந்த ஆயிரத்து ஐந்நூறையும் சேர்த்து எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டான். நூற்றுக்கு ஐந்து வட்டி. மாதம் மூவாயிரம். அவனுக்கு நாள் கூலி இருநூற்றிருபது, அவளுக்கு உருட்டுகிற கணக்கில் எண்பது. வட்டி கட்டியது போக மிஞ்சுவதில் வாழ்ந்துவிடலாம். முதல் மட்டும் ஒரு ரூபாய் குறையவில்லை.

ஒன்பது மாதம் அவன் சரியாகத் தூங்கவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பான். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை. அந்தச் சமயத்தில்தான் யாரோ அவனை விருதுநகருக்கு அழைத்துப் போனார்கள். ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில், கனகசபாபதி என்ற ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் வகுப்பு நடத்தினார். கட்டணம் ஐந்நூறு ரூபாய். கரும்பலகையில் அணுவின் படம் வரைந்து காட்டுவாராம். கல்லும் கட்டிலும் கடனும் எல்லாமே துடிக்கிற அணுக்கள்தான். நினைப்பும் ஓர் அலை. ரேடியோவைத் திருப்பினால் ஸ்டேஷன் கிடைக்கிற மாதிரி மனசைத் திருப்பினால் பணமும் கிடைக்கும் என்பாராம். அதற்கு நாற்பத்தெட்டு நாள் பயிற்சி. விடிவதற்கு முன் கம்பளியில் உட்கார்ந்து உள்ளங்கைகளை நூறு தடவை தேய்த்துப் பிரபஞ்சத்தின் ஆற்றலை வாங்க வேண்டும். வாங்கியது கசியாமல் இருக்க நெஞ்சில் கம்பளித் துண்டு ஒன்றைச் சுற்றிக்கொள்ள வேண்டும். பொழுது சாயும்வரை வெறுங்காலோடு மண்ணை மிதிக்கக் கூடாது, பூமியோடு சேர்ந்த எந்த இரும்பையும் செம்பையும் தொடக் கூடாது.

பாண்டிச்செல்வி இதைக் கேலி செய்யவில்லை. முதல் ஒன்பது நாள் அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைத் தேய்த்துக் கன்னத்தில் வைத்தால் இதமாக இருந்தது. நான்காம் நாள் இரவு முனியராஜ் குறட்டை விட்டான். ஒன்பது மாதத்துக்குப் பிறகு கேட்ட அந்தக் குறட்டைக்காகவே அவள் கனகசபாபதியை மனசுக்குள் கும்பிட்டாள்.

ஆனால் செம்பைத் தொடக் கூடாது என்பதை அவள் அப்போது யோசிக்கவில்லை.

கம்பெனியில் மருந்துக் கலவை அறையின் வாசலில், இடுப்பு உயரத்தில், ஒரு செம்புத் தகடு பதித்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு கம்பி சுவரோடு இறங்கி மண்ணுக்குள் போகும். உள்ளே தரை முழுக்க ரப்பர் விரிப்பு. ஒவ்வொரு தடவை நுழையும்போதும் தகட்டில் உள்ளங்கையை வைத்து எடுத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். உடம்பிலிருக்கிற மின்சாரம் அந்தக் கம்பி வழியாகப் பூமிக்குப் போய்விடும். அதற்கு வேறு வழி கிடையாது.

அன்று காலை ஏழு மணிக்கு அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். அங்கிருந்து கலவை அறை வாசல் தெரியும். முதலில் சங்கிலிமுத்து வந்தான். தகட்டில் பட்டென்று கை வைத்துவிட்டு உள்ளே போனான். பின்னாலேயே முனியராஜ். அவன் கையும் தகட்டை நோக்கிப் போனது. ஒரு விரற்கடை தள்ளி நின்றது. தொட்ட மாதிரியே கையை இறக்கிவிட்டு உள்ளே போனான்.

குடம் நிரம்பி வழிந்து அவள் பாதத்தை நனைத்தது. இருபத்தைந்து வேலை நாள், ஞாயிறு கழித்து. இத்தனை நாளும் இப்படித்தானா?

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நேராகக் கேட்டாள்.

"தகட்டைத் தொடாமப் போறீகளா?"

அவன் மறைக்கவில்லை. "தொட்டா நாப்பது நிமிசம் உக்காந்து வாங்குனது ஒரு நொடியில எர்த் ஆயிரும் புள்ள. கரண்டை எர்த்துக்கு விட்டா ஃபேன் ஓடுமா?"

"ஃபேன் ஓட வேணாம். நீங்க வீட்டுக்கு வந்தாப் போதும்."

"வந்துக்கிட்டுத்தானே இருக்கேன்? அதுலருந்தே தெரியலையா? இது வேற சக்தி. அந்தக் கரண்டு வேற."

"காலைல என் விரலைக் கடிச்சது எந்தக் கரண்டு?"

அவன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "தடை வரும், அதுவும் நெருங்கின ஆள் வழியாத்தான் வரும்னு சார் முன்னாடியே சொன்னாரு. உன் மேல எனக்குக் கோவமில்ல."

அதற்கு மேல் என்ன பேசினாலும் அது அந்தத் தடையில் போய்ச் சேர்ந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

மறுநாள் செவ்வாய், ஆடி முதல் தேதி. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். வேப்பமரம் வரை அவனோடு நடந்தாள். கலவை அறை அங்கிருந்து நாற்பது அடி. அங்கே நின்று, வெறுங்கால் மண்ணில் பதிய, அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். சுள்ளென்றது. விடவில்லை.

"ஏ, என்ன புள்ள, நாலு பேரு பாக்காக!" என்று அவன் நெளிந்தான்.

குழாய்க் கொட்டகையிலிருந்து கருப்பம்மாள் கத்தினாள். "என்ன மதினி, புதுப் பொண்ணு கெணக்கா! வீட்டுல எடம் பத்தலையா?"

பெண்கள் சிரித்தார்கள். பாண்டிச்செல்வியும் சிரித்த மாதிரி வாயை வைத்துக்கொண்டாள். தகட்டுக்குப் பதிலாக நான் இருந்துகொள்கிறேன், தினமும் இப்படிப் பிடித்துவிட்டால் போதும், வேலையும் போகாது, ஆளுக்கும் ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டிருந்தாள். கொட்டகையில் போய் உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கணக்கு உதைத்தது. கலந்த மருந்தைத் தட்டில் எடுத்துக்கொண்டு அவன் நிரப்புகிற அறைக்குப் போனான், திரும்பினான், மறுபடி போனான். ஒவ்வொரு தடவையும் நெஞ்சுக் கம்பளி சட்டையோடு உரசியது. பத்தரை மணிக்குக் கலவை முடிவதற்குள் பதினோரு தடவை உள்ளே நுழைந்தான். ஒவ்வொரு நுழைவுக்கும் அவள் கை நின்றது. அன்று உருட்டிய குழாய்களில் பாதியை மேஸ்திரி கோணல் என்று ஒதுக்கினார்.

சாயங்காலம் கடைத்தெருவில் காசு போட்டுப் பேசும் ஒற்றை ரூபாய்ப் போனிலிருந்து அவள் விருதுநகருக்குப் பேசினாள். வகுப்பு நோட்டீஸில் நம்பர் இருந்தது.

"சார், முனியராஜ் சம்சாரம் பேசுறேன். எம். புதுப்பட்டி."

"தெரியும்மா, நல்ல சிரத்தையான ஆளு. சொல்லுங்க."

"அவுக செம்புத் தகட்டைத் தொட மாட்டேங்காக சார். நீங்கதான் சொன்னீகளாம்."

"எந்தத் தகடு?"

அவள் சொன்னாள். இன்னொரு காசைப் போட்டாள்.

"அம்மா," என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "கம்பெனியில சூப்பர்வைசர்னுதான் எழுதிக் கொடுத்திருக்காரு. மருந்து வேலைன்னு சொல்லலையே. நான் கடைக்காரங்க, ஆபீஸ் ஆளுகளுக்குச் சொல்றது அது. தொடச் சொல்லுங்க. உடனே தொடச் சொல்லுங்க."

"நான் சொன்னாக் கேக்க மாட்டாக. நீங்க இப்பவே பேசுறீகளா? கூட்டியாரேன்."

"போன்ல வேண்டாம்மா, சரியா இருக்காது. ஞாயித்துக்கிழமை வரட்டும், நேர்ல சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் புதன், வியாழன், வெள்ளி, சனி. நான்கு நாள், ஒரு நாளைக்குப் பதினோரு தடவை. அவள் போனை வைத்தாள்.

வீட்டில் சொன்னதற்கு முனியராஜ், "சார் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு. உன் பயத்துக்கு நீயே குரல் குடுக்க" என்று மட்டும் சொன்னான். சாப்பிட்டான். படுத்தான். குறட்டை விட்டான்.

புதன்கிழமை பஸ் வாசலில் நின்றதும் அவள் அவனுக்கு முன்னால் இறங்கினாள். வேப்பமரத்தில் நிற்கவில்லை. போர்மேன் உக்கிரபாண்டியின் அறைக்கு விடுவிடென்று நடந்தாள். அவர் ஆஜர் நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரரை மருந்துக்கு விடாதீக."

"ஏன், குடிச்சிருக்கானா?"

"அவுக குடிக்க மாட்டாக." "தகட்டைத் தொடுறதில்ல. சட்டைக்குள்ள கம்பளி சுத்தியிருக்காக. நேத்தோட இருபத்தாறு நாள்."

உக்கிரபாண்டி நோட்டை மூடவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, எழுந்து வெளியே ஓடினார்.

"ஏலே சங்கிலிமுத்து! எவனும் உள்ள போகாதீகலே! அப்படியே நில்லுங்கலே!"

முனியராஜ் வாசலுக்கு ஆறடி முன்னால் நின்றான். உக்கிரபாண்டி அவன் கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீர்த் தொட்டி வரை கூட்டிவந்தார். சட்டையைக் கழற்றச் சொன்னார். பழுப்புக் கம்பளித் துண்டு நெஞ்சைச் சுற்றி இரண்டு ஊக்கில் நின்றது. பார்த்துக்கொண்டிருந்த யாரும் சிரிக்கவில்லை. சங்கிலிமுத்து மட்டும் தன் இரண்டு கைகளையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டு தொட்டித் திண்டில் உட்கார்ந்துவிட்டான்.

"உன்னோட சேத்து உள்ள நாலு பேருலே. அவங்க பொண்டாட்டிமாருக்கு நான் என்ன சொல்லியிருப்பேன்?" என்றார் உக்கிரபாண்டி. "ரெண்டு பேரும் கணக்கு முடிச்சிட்டு வீட்டுக்குப் போங்க."

பாண்டிச்செல்வி அவர் முன்னால் போய் நின்றாள். மருந்து வேலை போகும் என்று தெரிந்துதான் வந்தாள். மொத்தமும் போகும் என்று நினைக்கவில்லை.

"அண்ணாச்சி, நாந்தானே வந்து சொன்னேன்? சொன்ன வாய்க்கு இதுதான் கூலின்னா நாளைக்கு வேற எவ வந்து சொல்லுவா?"

அவர் அவளைக் கொட்டகைக்குப் போகச் சொல்லிக் கை காட்டினார். பிறகு முனியராஜ் பக்கம் திரும்பினார்.

"மருந்துப் பக்கம் இனி உன் நெழல் விழக் கூடாது. நாளைக்குக் குழாய்க் கொட்டகைக்கு வா. பொம்பளைகளோட உக்காந்து உருட்டு. உருட்டுன கணக்குக்குத்தான் கூலி. நாளைக்கு வரலைன்னா உனக்கு இங்கன வேலையே இல்ல."

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் முனியராஜ் சுவரைப் பார்த்தபடி, "இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்துச்சு" என்றான்.

"உக்காருங்க. நான் வேணாம்னு சொல்லல. வீட்டுல உக்காருங்க."

"எம்புட்டுச் சம்பளத்தைக் கவுத்துட்ட தெரியுமா?"

"தெரியும். மாசம் மூவாயிரத்துக்கு மேல."

அவள் அவ்வளவு சரியாகச் சொன்னது அவனை இன்னும் வருத்தியிருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டான். அன்று குறட்டை கேட்கவில்லை.

வியாழன் காலை பஸ் வந்தபோது அவன் பாயை விட்டு எழவில்லை. அவள் இரண்டு தூக்குவாளியில் சோறு கட்டினாள். ஒன்றை அடுப்புப் பக்கம் வைத்துவிட்டு, ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஏழு மணி ஆயிற்று, எட்டாயிற்று. எட்டரைக்கு ஆஜர் நோட்டை உள்ளே எடுத்துப் போய்விடுவார்கள். அவள் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு தடவை வாசலைப் பார்த்தாள். கருப்பம்மாள் கூட வாயைத் திறக்கவில்லை.

எட்டே காலுக்கு முனியராஜ் வாசலில் நின்றான். நான்கு கிலோமீட்டர் நடந்து வந்த புழுதி முழங்கால் வரை இருந்தது. கையில் தூக்குவாளி. கொட்டகையில் பதினெட்டுப் பெண்கள், ஓர் ஆண் கூடக் கிடையாது. அவன் யாரையும் பார்க்காமல் வந்து பாண்டிச்செல்விக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

கருப்பம்மாளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அண்ணே, வெரலு பத்திரம். இது மருந்து இல்ல, பசை. ஒட்டிக்கிச்சுன்னா விடாது."

கொட்டகை சிரித்தது. அவன் காது சிவந்தது. எழுந்து போய்விடுவான் என்று பாண்டிச்செல்வி மூச்சைப் பிடித்தாள். அவன் போகவில்லை. அவள் கம்பியையும் காகிதக் கட்டையும் அவன் பக்கம் தள்ளினாள். ஓரத்தில் பசை தடவி, கம்பியில் சுற்றி, பலகையால் ஒரு தள்ளு தள்ளி உருவிக் காட்டினாள். அவன் உருட்டிய முதல் குழாய் புனல் மாதிரி விரிந்தது. இரண்டாவதும் அப்படியே.

"அழுத்தாதீக. கையைச் சும்மா மேல வைங்க."

மூன்றாவது கொஞ்சம் நின்றது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டான்.

"சனிக்கிழமை வட்டி கட்டப் போறப்ப சொர்ணலட்சுமி மதினிகிட்ட என்னன்னு சொல்றது?"

"கூலி கொறஞ்சு போச்சுன்னு சொல்றது. அஞ்சு வட்டியை மூணாக் கொறைக்கச் சொல்லிக் கேக்குறது."

"எனக்கு அம்புட்டுத் தைரியம் இல்ல புள்ள."

"எனக்கும் இல்ல. ரெண்டு பேருமாப் போவோம்."

அவன் அடுத்த காகிதத்தை எடுத்து ஓரத்தில் பசை தடவினான். அன்று மாலைக்குள் அவன் உருட்டியதில் கோணல் என்று ஒதுக்காமல் மேஸ்திரி எடுத்துக்கொண்டது முந்நூற்றுப் பன்னிரண்டு குழாய்.