பந்துப் பொண்ணுக்கு வந்த மாலை

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் எனக்குப் பெயர் கிடையாது. ஒன்பது வயதிலிருந்து நான் ‘பந்துப் பொண்ணு’. திருச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தேன். அதன் பின்புறம் செம்மண் தரையில் ஒரு பாஸ்கெட்பால் மைதானம் இருந்தது. பெரிய பெண்கள் ஆடும்போது வெளியே உருண்டு வந்த பந்தை ஒருநாள் எடுத்தேன். கொண்டுபோய்க் கொடுக்கச் சோம்பல். நின்ற இடத்திலிருந்தே வளையத்தைப் பார்த்து எறிந்தேன். விழுந்தது. மறுபடி எறியச் சொன்னார்கள், மறுபடியும் விழுந்தது. அதோடு என் நிம்மதி போயிற்று என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு அப்படித் தெரியவில்லை. பந்து கையை விட்டுக் கிளம்பும்போதே அது விழுமா விழாதா என்று எனக்குத் தெரிந்துவிடும். அது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பதினோரு வயதில் பெரிய பெண்களோடு சேர்த்து மேட்சில் ஆடவிட்டார்கள். பேப்பரில் போட்டோ வந்தது. பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாயைப் பிளந்தபடி, பார்க்கச் சகிக்காத போட்டோ. அப்பா திருச்சியில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. அதுவரை ஆபீசில் அவரை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது டிபன் வேளையில் அவர் மேஜையைச் சுற்றிக் கூட்டமாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போவார்.

அதற்கப்புறம் நான் ஊர்ச் சொத்து. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு, “இந்தப் பொண்ணுதாங்க அது” என்று மொத்த பஸ்ஸுக்கும் அறிமுகம் செய்துவைப்பார். எல்லாத் தலைகளும் திரும்பும். பூக்காரம்மா காலிக் கூடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, “எங்க கண்ணு, இதுல ஒண்ணு போடு பாப்போம்” என்பாள். கல்யாண வீடுகள் இன்னும் மோசம். எங்களவர் கல்யாணத்தில் நலங்கு உண்டு. பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து தேங்காய் உருட்டி விளையாட, சுற்றிலும் பெண்கள் பாடுவார்கள். நான் கண்ணில் பட்டுவிட்டால் தேங்காய் என் கைக்கு வந்துவிடும். கூடத்தின் ஒரு கோடியில் அண்டாவை வைத்து, மறு கோடியிலிருந்து எறியச் சொல்வார்கள். விழுந்தால் யாருக்கும் ஆச்சரியமில்லை. விழாவிட்டால்தான் பேச்சு. “என்னடி, கண்ணு பட்டுடுத்தா?” என்று நாலு நாளைக்கு விசாரிப்பார்கள். ஒரு கல்யாணப் பெண் மணையில் உட்கார்ந்தபடியே என்னை முறைத்த முறைப்பு இன்னும் மறக்கவில்லை. அவளுடைய நாளை நான் பிடுங்கிக்கொண்டேனாம். எனக்கானால் பந்தியில் உட்கார்ந்து நிம்மதியாக அப்பளம் நொறுக்கித் தின்ன வேண்டும், அவ்வளவுதான்.

பதின்மூன்றாம் வயதில் நான் பெரியவளானேன். அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் மாதம் மூன்று நாள் பெண்கள் தூரமாக இருக்க வேண்டும். கொல்லைப்பக்கம் ஒரு சின்ன அறை. தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். யாரையும் தொடக்கூடாது, வீட்டுக்குள் வரக்கூடாது. சாதத்தை அம்மா படாமல் மேலேயிருந்து போடுவாள். பள்ளிக்கூடம் கிடையாது, மேட்சும் கிடையாது.

மற்றப் பெண்களுக்கு இந்த விஷயம் வீட்டோடு போய்விடும். எனக்கு ஊரோடு. மேட்சில் நான் இல்லையென்றால், “உடல்நலக் குறைவு காரணமாக” என்று மைக்கில் ஒருவர் கனைத்துக்கொண்டு சொல்வார். அவ்வளவுதான், பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் மனதுக்குள் கணக்குப் போட்டுவிடுவார்கள். பஸ்ஸில் முன்பின் தெரியாத மாமி ஒருத்தி, “அடுத்த மாசம் மேட்ச் உனக்குத் தோதான தேதியோன்னோ?” என்று கேட்டாள். பின்சீட்டு ஆண்கள் ஜன்னல் வழியே காவேரியைப் பார்த்தார்கள். உயிரே போனாற்போல் இருந்தது.

ஆனாலும் அந்த அறை எனக்குப் பிடித்திருந்தது. இன்றைய பெண்களிடம் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். அங்கே யாரும் வரமாட்டார்கள். எதையும் எறியச் சொல்ல மாட்டார்கள். மூன்று நாளும் அடித்துப் போட்டாற்போல் தூங்குவேன். பதினாலு வயதில் எனக்கு அப்படி ஓர் அலுப்பு. பந்து அலுக்கவில்லை, கண்கள்தான் அலுத்துவிட்டன. இந்த வருஷத்தோடு ஆட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். அப்பாவிடம் சொல்லும் தைரியம்தான் வரவில்லை.

அந்த வருஷம் ஜில்லா பைனல் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. அன்றைக்குக் காலையில் நான் தூரமானேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாயை விரித்துப் படுத்துவிட்டேன். அப்பாவுக்கு விஷயம் தெரியாது. நல்ல இடம் பிடிக்க வேண்டுமென்று ஆபீசிலிருந்து நேரே மைதானத்துக்குப் போகிறவர் அவர். மத்தியானம், நான் வந்து சேரவில்லையென்று, விளையாட்டு டீச்சரான சிஸ்டர் ஜட்கா வைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் அவர் பேசுவது கொல்லை வரை கேட்டது.

“உடம்புக்கு முடியலைன்னா விட்டுருங்கம்மா. பிள்ளையைக் கஷ்டப்படுத்த வேண்டாம். நாங்க சமாளிச்சுக்குறோம்.”

அந்த சிஸ்டருக்கு நான் மனதுக்குள் கும்பிடு போட்டேன். அதற்குள் அம்மா கொல்லைக்கதவருகே வந்து நின்றாள்.

“எழுந்திரு. கிளம்பு.”

“அம்மா, நான்...”

“தெரியும். சந்து வழியா போய் வண்டில ஏறிக்கோ. ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்காதே. திரும்பி வரச்சேயும் சந்து வழியாவே வந்துடு.”

என் பாவாடை நுனி பட்டுவிட்டாலே கிணற்றடிக்கு ஓடித் தலையில் தண்ணீர் கொட்டிக்கொள்கிறவள் அம்மா. அவள் வாயிலிருந்து இது வந்ததை என்னால் நம்ப முடியவில்லை. கோபமாகக்கூட வந்தது. எனக்கிருந்த ஒரே இடத்திலிருந்தும் என்னை எழுப்பிவிட்டாளே என்று பொருமிக்கொண்டே வண்டியில் ஏறினேன்.

ஜெயித்தோம். எப்படி ஆடினேன் என்று நினைவில்லை, வயிற்றுவலிதான் நினைவிருக்கிறது. திரும்பும்போது சந்து வழியாகப் போக யார் விட்டார்கள்? தெரு முனையிலேயே ஜட்காவை நிறுத்திவிட்டார்கள். அப்பா முன்னால் நடக்க, கூட்டம் என்னை வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தது. எங்கள் வாசலில் எதிராத்து மாமா நின்றிருந்தார். கோயிலில் தாயார் சன்னிதியில் கைங்கர்யம் பண்ணுகிறவர். கையில் தட்டு. தட்டில் தாயாருக்குச் சாத்திக் களைந்த மாலையும் மஞ்சள் காப்பும்.

“தாயார் அனுக்ரஹம். வா குழந்தே, கழுத்தை நீட்டு.”

அவர் மேல் தப்பில்லை. அந்த மூன்று நாளில் நான் ஆட மாட்டேன் என்பது ஊரறிந்தது. நான் ஆடியிருக்கிறேன், ஆகவே எல்லாம் சுத்தம். வேறு யாரையும் அவர் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அத்தனை வருஷம் என்னை அவர்கள் உற்றுப் பார்த்ததற்கு இதுதான் பலன்.

அம்மா நிலைப்படியில் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. மாலையை நான் வாங்கிக்கொண்டால் அவள் அதற்கப்புறம் சன்னிதிக்குள் நிம்மதியாகக் காலெடுத்து வைக்க மாட்டாள், அது எனக்குத் தெரியும். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

“மாமா, எட்டி நில்லுங்கோ. நான் தூரம்.”

அம்மாவைக் காப்பாற்ற மட்டும் சொன்னேன் என்று பெருமையடிக்க மாட்டேன். இதோடு ஆட்டத்துக்கு முழுக்குப் போட்டுவிடுவார்கள், விட்டது தொல்லை என்றுதான் அந்த வினாடியில் நினைத்தேன்.

மாமா தட்டைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பின்னால் போனார். கூட்டமும் விலகிக்கொண்டது. என்னைச் சுற்றி அவ்வளவு இடம் நான் பார்த்ததே இல்லை. “அப்போ பந்து?” என்று ஒரு மாமி கேட்டாள். பந்து தோல், தோலுக்குத் தீட்டு ஒட்டுமா ஒட்டாதா என்று விவாதம் கிளம்பியது. என்னோடு ஆடிய எங்கள் தெருப்பெண் ஒருத்தியை அவள் அம்மா தரதரவென்று கிணற்றடிக்கு இழுத்துப் போனாள். “பெத்தவளே அனுப்பிச்சிருக்கா பாரேன்” என்று யாரோ சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

அப்பா தலை நிமிரவில்லை. உள்ளே போய்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல், “இனிமே பந்து கிந்து ஒண்ணும் வேண்டாம்” என்றார். அதைக் கொல்லை அறையிலிருந்து கேட்டேன். அப்பாடா என்று காலை நீட்டிக்கொண்டேன்.

“நான்தான் அனுப்பினேன்” என்றாள் அம்மா. அவள் அப்பாவிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. “இனிமேலும் அனுப்புவேன். தெருவுல என்ன வேணா சொல்லிக்கட்டும்.”

கொஞ்ச நேரம் கழித்து அம்மா ரசம் சாதத்தோடு வந்தாள். வழக்கம்போல மேலேயிருந்துதான் போட்டாள். போட்டுவிட்டுப் போகாமல் சற்றுத் தள்ளித் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“என் தங்கை கல்யாணத்தும்போது நான் இப்படித்தான் கொல்லைல ஒக்காந்திருந்தேன். மேளம் கேட்டுது. தாலி ஏறினது அந்தச் சத்தத்தை வெச்சுத்தான் தெரிஞ்சுது. உனக்கு அப்படி எதுவும் போயிடக் கூடாதுடி.”

நான் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“நீ ஆடி நான் பாத்ததில்லை. அடுத்தது எங்கேன்னு சொல்லு, நானும் வரேன். என்னிக்கு?”

எனக்கு அலுத்துவிட்டது அம்மா, என்னை விட்டுவிடேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவளைப் பார்த்தேன். நாளைக் காலையில் குழாயடியில் அந்தத் தெருவே அவளைக் கண்டு ஒதுங்கப் போகிறது, அது அவளுக்கும் தெரியும். சாதத்தை விழுங்கிவிட்டுத் தேதியைச் சொன்னேன்.