பஸ் ஓட்டுநரின் ஒரே கேள்வி

பாடாங் செராய் கிளினிக்கில் கண்ணுக்கு மருந்து விட்டு எங்களை உட்கார வைத்திருந்தார்கள். இருவருக்குமே இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். பக்கத்தில் இருந்தவர் பேக்டரி பஸ் ஓட்டுபவர், நெடிய மனிதர். பஸ் நிற்கும் இடங்களை முணுமுணுத்தபடி விரலில் எண்ணிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் ஆறாவதில் நின்றுவிட்டார்.

"போன மாசத்துலேர்ந்து ஒரு இடம் மறந்து போவுது தம்பி. டாக்டர் சொல்றதும் மறந்துரும். கூட வாங்களேன்."

போனேன். டாக்டரம்மா அவருடைய கண் படத்தைத் திரையில் காட்டினார். மெல்லிய ரத்தக் குழாய்களின் ஓரத்தில் சிவப்புப் புள்ளிகள்.

"மூளையிலயும் இதே மாதிரி சின்னக் குழாய்ங்க இருக்கு அங்கிள். இங்க கெட்டிருந்தா அங்கயும் கெட்டிருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது, ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்."

அவர் ஒன்றுதான் கேட்டார். "பஸ் ஓட்டலாமா?"

"ஸ்கேன் பார்க்கிற வரைக்கும் வேணாம்."

வெளியே வந்ததும் முதலாளிக்குப் போன் செய்தார். "நாளைக்கு வேற ஆள் போடுங்க பாஸ். நாப்பது பொம்பளைங்க ஏறுற வண்டி லா."

அடுத்து என் படம். அதே புள்ளிகள், கொஞ்சம் குறைவு.

"மறதி ஏதும் இருக்கா அண்ணே?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்ல," என்றேன். தெரிந்தவர்களின் பெயர்கூடச் சட்டென்று வராமல் இரண்டு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தேன். நான் ஓட்டுவது பள்ளிக்கூட வேன்.

ஒரு வாரம் பயந்து பயந்து ஓட்டினேன். பிறகுதான் திரும்பிப் போய் உண்மையைச் சொன்னேன். அந்த பஸ் ஓட்டுநருக்கு அதற்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.