தரையில் கிடந்த பிளக்

குப்புறப் படுத்துக்கொண்டு, பொம்மை ரயிலுக்கு மின்சாரம் தரும் கறுப்புப் பெட்டியைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறாள். உள்ளங்கையால் தொடவே மாட்டாள். ஷாக் அடித்தால் விரல்கள் மடங்கி இறுகப் பிடித்துக்கொள்ளுமாம். பக்கத்திலேயே மேசை சும்மா கிடக்கிறது. ஏன் தரையில் என்று கேட்டால், "பிள்ளைங்க மேசை போட்டா விளையாடுது?" என்று நம்மையே திருப்பிக் கேட்பாள்.

தன் அண்ணனின் பொம்மைக் கிடங்கில் அவளுக்கு இதுதான் வேலை. வந்திறங்கும் சரக்கில் ஒன்றிரண்டைப் பிரித்துச் சோதிப்பாள். அவள் கையெழுத்துப் போட்டால்தான் மற்றவை கடைக்குப் போகும். பெட்டி தூக்குகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'சந்தேகம்'. "சந்தேகம் வருது, வழி விடுங்கப்பா" என்று காதுபடவே சொல்வார்கள். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்றபடி அவளும் நுழைவாள்.

தண்டவாளத்தில் பாலைக் கொட்டுவாள். வயரைக் கதவிடுக்கில் வைத்து நூறு தடவை சாத்துவாள். கிடங்கின் கணக்கு எழுதும் நான் ஒருநாள் போனபோது வயரைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிளக் வெளியே கிடந்தது, பிழைத்தோம்.

அவள் இப்படிக் குப்புறப் படுத்துக்கிடந்த அன்றைக்குப் பள்ளி விடுமுறை தொடங்க நான்கே நாள் இருந்தது. கிடங்கில் எண்ணூறு ரயில் செட்டுகள். வாசலில் லாரி. அண்ணன் அனுமதிப் படிவத்தை அவள் முன்னால் வைத்தார்.

"பால் கொட்டியாச்சு, கதவுல நசுக்கியாச்சு. எல்லாத்துலயும் பாஸ். இன்னும் என்னம்மா?"

"ரெண்டு செட்டைச் சேர்த்துப் பாக்கலியே அண்ணா."

"எவன் சேர்ப்பான்?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளையும் ஒண்ணு வச்சிருந்தா, தண்டவாளத்தை நீளமாக்கத்தான் செய்யும்."

எனக்கே எரிச்சல் வந்தது. அந்த மனிதர் ஒரு வருடமாக இந்த விடுமுறை விற்பனைக்காகத்தான் ஓடியிருக்கிறார். வேண்டுமென்றே வம்பு வளர்க்கிறாளே என்று நினைத்தேன். அவள் எதையும் கண்டுகொள்ளாமல் இரண்டு செட்டின் தண்டவாளங்களையும் இணைத்தாள். இரண்டு கறுப்புப் பெட்டிகளையும் சுவரில் செருகினாள். ரயில் ஓடியது. பிறகு ஒன்றின் பிளக்கை மட்டும் பிடுங்கித் தரையில் போட்டாள்.

"அதான் கழட்டியாச்சே. இனி அதுல என்ன இருக்கும்?" என்று அண்ணன் குனிந்து கை நீட்டினார். அவள் பட்டென்று அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

ஒரு சாதாரண பல்பின் இரண்டு வயர்களை அந்தப் பிளக்கின் கம்பிகளில் வைத்தாள். எங்கும் செருகாத பிளக்கில் பல்பு எரிந்தது. சுவரில் இருக்கிற பெட்டி வீட்டு மின்சாரத்தைக் குறைத்துத்தான் தண்டவாளத்துக்குத் தருகிறது. அது தண்டவாளம் வழியாக மற்றப் பெட்டிக்குள் தலைகீழாகப் போய், வீட்டு மின்சாரத்தின் அளவுக்கே ஏறி, வெறும் பிளக்கில் வந்து நிற்கிறது. ரயிலை நிறுத்தலாம் என்று அதைப் பிடுங்குகிற பிள்ளையின் விரல் அந்தக் கம்பியில்தான் படும்.

"ரயில் நல்ல ரயில். இந்தக் கறுப்புப் பெட்டியை மட்டும் வேற வகைக்கு மாத்துங்க" என்றாள்.

"அதுக்கு மூணு வாரம் ஆகும். லீவே முடிஞ்சிரும். உள்ள ஒரு எச்சரிக்கைச் சீட்டு வச்சிடலாமே?"

"ஆறு வயசுப் பிள்ளை சீட்டைப் படிச்சிட்டா விளையாடும்? நான் கையெழுத்துப் போட மாட்டேன் அண்ணா."

அண்ணன் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று போனை எடுத்தார். இந்தச் சரக்கிலிருந்து இரண்டு செட்டைத் தங்கைக்குத் தெரியாமல் முந்தைய நாளே வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார், தன் இரட்டைப் பெண்களுக்கு. "பிள்ளைங்க ரயிலை என்ன பண்றாங்க?" என்றார் மனைவியிடம்.

"கூடத்துல இருந்து அடுப்படி வரைக்கும் ஒரே தண்டவாளமாப் போட்டுட்டாங்க. கால் வைக்க இடமில்ல. இருங்க, சாப்பாட்டு நேரம், பிடுங்கிப் போடுறேன்."

போன் அதற்குள் தங்கை கைக்குப் போயிருந்தது. குரல் கொஞ்சமும் உயரவில்லை. "அண்ணி, பிளக்கைத் தொடாதீங்க. பிள்ளைங்களைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு மெயின் சுவிட்சை அணைங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அண்ணி 'அணைச்சாச்சு' என்ற பிறகும் விடாமல், விளக்கு எரிகிறதா, மின்விசிறி நின்றதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இரண்டு பிளக்கையும் கழற்ற வைத்து, தண்டவாளத்தைப் பிரிக்க வைத்து, அப்புறம்தான் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு படிவத்தை இழுத்து 'அனுமதி இல்லை' என்று எழுதத் தொடங்கினாள். கிடங்கு மின்விசிறியின் காற்றில் தாள் எழும்பியது. அவள் எழுதி முடிக்கும்வரை அண்ணன் அதன் மூலையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.