தைக்குள்ள வந்துறணும்

அக்காவை ஆஸ்பத்திரியில சேக்கப் போன அன்னைக்கு அதோட மாமியா பஸ் வரைக்கும் வரலை. வாசல்ல நின்னமேனிக்கே சொல்லுச்சு.

"தை பொறக்குறதுக்குள்ள வந்துறணும். அதுக்கு மேல எம் மகன் ஒத்தையில கெடக்க மாட்டான். இந்தக் கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு நானும் எத்தனை நாளைக்கு முழிக்கிறது?"

அப்ப ஆவணி. நயா பைசா வந்ததுக்கு அடுத்த வருசம். பிள்ளைக்கு எட்டு மாசம். அக்காவுக்குக் காசநோய்னு ஊசி போடுறவரு சொன்ன அன்னையிலேருந்தே பிள்ளையத் தொட விடலை. அக்கா தூரத்துல நின்னு பாத்துட்டு முந்தானைய வாயில வச்சுக்கிட்டு பஸ் ஏறுச்சு. தொணைக்கு நான் போனேன். எங்க ஆத்தா செத்துப்போச்சு, வீட்டுல வேற பொம்பளை இல்லை.

ஆஸ்பத்திரி புதுக்கோட்டைக்கு வெளியில பொட்டல்ல இருந்துச்சு. நீளமா ஓட்டுக்கொட்டகை, காத்து வரணும்னு சுவத்தைப் பாதிதான் எழுப்பியிருந்தாங்க. பொம்பளைங்க பக்கம் இருவது கட்டில். பெனாயில் வாடை. கட்டிலுக்குக் கட்டில் மூடி போட்ட ஒரு தகர டப்பா, அதுலதான் துப்பணும். சமைச்சுப் போட வந்தவங்க தங்கப் பின்னாடி தனிக் கொட்டாய்.

டாக்டரு அக்கா முதுகுல காதை வச்ச மாதிரி கொழாயை வச்சுக் கேட்டாரு. "ஒரு வருசம் இருக்கணும்மா"ன்னாரு.

"தை வரைக்கும் இருந்தாப் போதாதுங்களா?"

"தையா? தையில என்ன?"

அக்கா திரும்பி என்னையப் பாத்துச்சு.

ஐப்பசியில மாமியா பாக்க வந்துச்சு. எனக்கு அத்தை மொறை. அதிரசம் கொண்டாந்துச்சு, கட்டில்கிட்ட வராம அரைச்சுவத்துக்கு அங்கிட்டே நின்னு நீட்டுச்சு. பிள்ளை தவழுதுன்னு சொல்லுச்சு. அப்புறம் அக்காவுக்குக் கேக்குற மாதிரியே எங்கிட்ட சொல்லுச்சு:

"சின்னவ நீ இருக்கையில நான் ஏன் வெளியில பொண்ணு தேடணும்? பிள்ளைக்கும் சித்தியே தாயாப் போச்சு."

எங்க பக்கம் இது வழக்கந்தான். மூத்தவளுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா இளையவளைக் கொண்டுபோயி விடுவாங்க. ஆனா மூத்தவ உசுரோட கட்டில்ல உக்காந்துருக்கையில பேசுவாங்களா? அத்தை போனப்புறம் கஞ்சி கொண்டு போனேன். அக்கா வாங்கலை.

"என்னாடி புதுப்பொண்ணு, கூரைச்சேலை எடுத்தாச்சா?"

"அக்கா, சத்தியமா எனக்கு..."

"போடி அங்கிட்டு. மச்சான் மச்சான்னு பின்னாடியே திரிஞ்சவதானே நீ."

திரிஞ்சேன்தான். சின்னப்பிள்ளையில சந்தைக்குப் போற வண்டியில ஏத்திக்கிட்டுப் போவாரு, அதுக்காகத் திரிஞ்சேன். மூணு நாளு எங் கையால அக்கா பச்சத்தண்ணி குடிக்கலை. பக்கத்துக் கட்டில்காரம்மாதான் ஊட்டுனாங்க. அந்த மூணு நாள்லதான் நான் முடிவு பண்ணுனேன். எப்படியாச்சும் அக்காவைத் தைக்குள்ள வீட்டுல கொண்டுபோயி விட்டுறணும். விட்டாத்தான் என்னைய நம்பும்.

நாங்க கந்தர்வக்கோட்டைப் பக்கம். முந்திரிக்காட்டைக் குத்தகைக்கு எடுத்துக் கொட்டை பொறுக்கி மண்டிக்குப் போடுறதுதான் எங்க அப்பாவுக்குத் தொழில். நான் நாலாப்போட படிப்பை நிறுத்துனவ, ஆனா கொட்டை யாவாரம் எனக்கு நல்லாத் தெரியும். மண்டிக்குப் போறதுக்கு முன்னாடி சாக்குல தண்ணி தெளிச்சு வச்சிருவோம், எடை நிக்கும். மண்டிக்காரரு சரக்கு எப்படின்னு பாக்கச் சாக்கு வாயிலதான் கைய விடுவாரு. நல்ல கொட்டைய மேல போட்டுச் சொத்தைய அடியில போட்டுருவோம். எல்லாரும் செய்யிறதுதான், அதைத் தப்புன்னு யாரும் நெனைச்சதில்லை.

ஆஸ்பத்திரியில புதங்கிழமை புதங்கிழமை எடை போடுவாங்க. எடை ஏறுனாத்தான் ஒடம்பு தேறுதுன்னு கணக்கு. அக்காகிட்டப் போயி மெதுவாச் சொன்னேன். அது என்னைய ஏற எறங்கப் பாத்துட்டு, "ஒனக்கு எம்புட்டுத் திமிரு"ன்னுச்சு. அப்புறம் சிரிச்சுருச்சு. மூணு நாளைக்கப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சுச்சு.

அடுத்த புதங்கிழமை காலையில ரெண்டு செம்புத் தண்ணிய மடக்கு மடக்குன்னு குடிச்சுட்டு வரிசையில நின்னுச்சு. முன்னாடி ஏழு பேரு.

"ஏடி, சீக்கிரம் ஏத்தச் சொல்லுடி. தாங்க முடியலை."

"அடக்கிக்கக்கா. இங்கன விட்டின்னா ரெண்டு பவுண்டு கொறைஞ்சுரும்."

அக்கா சிரிப்பை அடக்க முடியாம இருமிருச்சு. நர்சம்மா, "மெஷின்ல ஏறுறதுக்கு என்ன சிரிப்பு"ன்னு அதட்டுனாங்க. அன்னைக்கு மூணு பவுண்டு கூடுச்சு. அடுத்தடுத்த வாரமும் எறங்காமப் பாத்துக்கிட்டோம். இடுப்புல புளி உருண்டை, சில்லறை முடிச்சுன்னு என்னென்னமோ சொருகுனோம்.

கார்த்திகையில டாக்டரு சொன்னாரு: "எடை பரவாயில்லை. ஆனா அது போதாது. சளியில கிருமி இல்லைன்னு மூணு தடவை வரணும். இப்பவும் இருக்கு."

சளி டப்பாவை விடியக்காலம் வாங்கி, மூலையில இருக்குற பரிசோதனை ரூமுக்குக் கொண்டு குடுக்குறது தொணைக்கு வந்தவங்க வேலை. அக்கா துப்பிக் குடுத்துச்சு. வேப்பமரத்துக்குப் பின்னாடி போயி, அதைக் குழியில கொட்டி, டப்பாவைச் சுடுதண்ணியில அலசி, நான் துப்புனேன். எனக்குச் சளியே வரலை. தொண்டை புண்ணாகுற மட்டும் காறிக் காறித் துப்புனேன். டப்பாவுல ஒட்டுன சீட்டுல அக்கா பேரு. மூணு தடவை அப்படிச் செஞ்சேன். தண்ணி குடிச்சதெல்லாம் அக்காவுக்குத் தெரியும். இதை அக்காகிட்டச் சொல்லலை.

மூணாவது தடவைக்கப்புறம் டாக்டரு கட்டில்கிட்ட வந்து, "ஊசி நல்லாப் புடிச்சுருக்கும்மா, சளி சுத்தமாயிருச்சு"ன்னாரு. அவரு மொகத்துல அம்புட்டுச் சந்தோசம். அக்கா எந்திரிச்சு அவரு காலைத் தொடப் போச்சு. எனக்கு உண்மை வாய் வரைக்கும் வந்துச்சு. அக்கா அப்பத் திரும்பி எங் கையப் புடிச்சுக்கிட்டுச்சு, இறுக்கி. நான் சொல்லலை.

"இன்னும் நாலு மாசம் இருந்துட்டுப் போனா நல்லது"ன்னாரு டாக்டரு.

"வீட்டுல பிள்ளை இருக்குங்கய்யா. சுத்தமாயிருச்சுன்னு நீங்களே சொல்லிட்டீங்க."

வாராவாரம் வந்து ஊசி போட்டுக்கணும், மாத்திரைய நிறுத்தக் கூடாதுன்னு எழுதிக் குடுத்து விட்டாரு.

மார்கழி கடைசியில கொண்டுபோயி விட்டேன். பிள்ளைக்கு அக்காவை அடையாளம் தெரியலை, அழுதுச்சு. ரெண்டு நாள்ல ஒட்டிக்கிச்சு. பொங்கலுக்கு அக்காதான் பானை வச்சுச்சு. நான் எங்க வீட்டுக்கு வந்துட்டேன். அத்தை ஒரு தடவைதான் ஊசிக்கு அனுப்புச்சாம். "சுத்தம்னு எழுதிக் குடுத்தப்புறம் ஊசி எதுக்கு, பஸ்ல அலையவா?"ன்னு நிறுத்திருச்சு. அத்தை மேல எனக்குக் கோவம் வரமாட்டேங்குது. சுத்தம்னு எழுத வச்சது நான்.

மாசியில மச்சான் வந்து நின்னாரு. "ஒங்கக்கா ரத்தமாக் கக்குது"ன்னாரு.

திரும்ப அதே கொட்டகை, வேற கட்டில். டாக்டரு பழைய அட்டையையும் புதுசா எடுத்த நெஞ்சுப் படத்தையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. "ரெண்டு மாசத்துல இப்படி ஆகாதே"ன்னு அவருக்கவரே சொல்லிக்கிட்டாரு. நான் அரைச்சுவத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.

அக்காவுக்குப் பேச்சு கம்மியாயிருச்சு. ஒருநா மத்தியானம் கேட்டுச்சு: "சுத்தமாயிருச்சுன்னாரே. அப்புறம் ஏன்டி இப்படி?"

நான் தலைய வாரிவிட்டுக்கிட்டு இருந்தேன். சீப்பை நிறுத்தலை. தெரியலைக்கான்னேன்.

பங்குனியில, சாகுறதுக்கு மூணு நாளைக்கு முந்தி, "வேற எவளும் எம் பிள்ளையத் தொட வேணாம். நீயே போயி இருடி. நான் அப்பச் சொன்னதை மனசுல வச்சுக்காத"ன்னுச்சு. சரின்னு சொல்லியிருந்தா நிம்மதியாப் போயிருக்கும்.

கருமாதி முடிஞ்ச கையோட அத்தை அப்பாகிட்டப் பேச்சை எடுத்துருச்சு. சித்திரை போகட்டும், வைகாசியில கல்யாணத்தை வச்சுக்குவோம்னுச்சு. அப்பா தலையாட்டிட்டாரு. பிள்ளை எங்க வீட்டுலதான் இருந்துச்சு, எந் தோள்லதான் தூங்கும்.

ஒருநா மச்சான் தனியா வந்தாரு. நான் கெணத்தடியில பிள்ளையக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தேன்.

"ஒனக்கு இஷ்டமான்னு யாரும் கேக்கலை. நான் கேக்குறேன்."

எனக்கு எங்கேருந்து தைரியம் வந்துச்சோ, எல்லாத்தையும் சொல்லிட்டேன். டப்பாவை, வேப்பமரத்தை, மூணு தடவை துப்புனதை.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எங்கம்மா ஒன்னைய எனக்குப் பேசுனது அப்ப ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். அது நடக்கக் கூடாதுன்னுதான் மச்சான் செஞ்சேன்."

அவரு கெணத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. "நான் ஒரு வார்த்தை, பொறுத்திருக்கேன்னு ஆளனுப்பியிருந்தா நீ இதைச் செஞ்சுருக்க மாட்ட"ன்னாரு. அப்புறம் பிள்ளைய எங் கையிலேருந்து வாங்குனாரு. ஈரத்தோட துண்டுல சுத்தித் தோள்ல போட்டுக்கிட்டாரு.

"டாக்டருகிட்டக் காட்டணும் இவனை. ரெண்டு மாசம் அவ பக்கத்துலேயே படுத்துருந்தான்."

"நானும் வாரேன் மச்சான்."

"வேணாம்."

பிள்ளை அவரு தோளுக்கு மேல கைய நீட்டி அழுதுச்சு. மறுநா அத்தை ஆளனுப்பி, அந்தப் பேச்சு வேணாம், வேற எடம் பாத்துக்குறோம்னு சொல்லி விட்டுச்சு. அப்பா எங்கிட்ட ஏன்னு கேட்டாரு. அவருக்கும் சொன்னேன். அன்னையிலேருந்து அவரு எங்கூடப் பேசுறதில்லை. பிள்ளைக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்லைன்னு பஸ்ல ஒருத்தங்க சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. புதுசா ஒருத்தி அந்த வீட்டுக்கு வாராளாம். அவ நல்லவளா இருக்கணும்.