கூடுதல் சில்லறை

அந்தக் கண்டக்டர் டிக்கெட்டின் பின்பக்கம் பாக்கி எழுதிக் கொடுத்ததே கிடையாது. வேலைக்கு வரும்போதே கடைகளில் சில்லறை மாற்றி, பை கனக்க பஸ் ஏறுவார். டிப்போவில் அவருக்கு ‘சரிக்குச்சரி’ என்று பட்டப்பெயர். கேலிதான். ஆனாலும் அவருக்கு உள்ளூரப் பிடித்திருந்தது.

அவருடைய ஒரே மகள் சினிமா படித்தவள். மேற்கொண்டு ஒளிப்பதிவு படிக்க வெளிநாட்டில் இடம் கிடைத்தது. வங்கியில் ஈடு கேட்டார்கள். வாடகை வீட்டில் ஈடுவைக்க என்ன இருக்கிறது? மனைவியின் நகைகள் அவளுடைய வைத்தியத்தோடு போயிருந்தன. பின்னாலேயே அவளும் போய்விட்டாள்.

“நெட்ல கேக்கலாம்ப்பா. முன்னப்பின்ன தெரியாதவங்களே குடுப்பாங்க.”

“தெரியாதவங்க எதுக்குக் குடுக்கணும்?”

“சின்னதா ஒரு வீடியோ போடுவேன். நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம்.”

அவர் ஒன்றும் செய்யவில்லைதான். வேலை முடிந்து வந்து, வாயைப் பிளந்துகொண்டு தரையில் தூங்கினார். உடம்பில் இருந்தது ஓட்டைப் பனியன். “மத்ததெல்லாம் ஊறப் போட்டுட்டேன்ப்பா” என்று மகள்தான் அதை எடுத்துக் கொடுத்திருந்தாள்.

அந்த வீடியோ ஊரெல்லாம் ஓடியது. அவர் பார்க்கவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று டிரைவர்தான் சொன்னார். சர்க்கரைக்காக டாக்டர் குறைக்கச் சொன்ன ராத்திரிச் சாப்பாடு, அதில் மகளுக்காகக் கிடந்த பட்டினி ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு பஸ்ஸில் அவரால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. மீதியை நீட்டினால் கைகளை மடக்கிக்கொண்டார்கள். “பொண்ணு படிப்புக்கு வச்சுக்குங்க சார்.” முதலில் இறங்கி ஓடிப்போய்த் திருப்பிக் கொடுத்தார். நெரிசலில் எத்தனை பேர் பின்னால் ஓடுவது? ஒரு அம்மாள் அவர் பையிலேயே நோட்டைச் செருகிவிட்டுக் கூட்டத்தோடு இறங்கிப் போனாள்.

அன்றைக்கென்று செக்கிங் ஏறினார்கள். டிக்கெட் கணக்கைவிடப் பையில் பணம் அதிகம். அந்த வேலையில் குறைந்தாலும் குற்றம், கூடினாலும் குற்றம். கூடினால், டிக்கெட் கிழிக்காமல் காசு வாங்கிவிட்டார் என்று பொருள். அங்கேயே பையை வாங்கிக்கொண்டு இறக்கிவிட்டார்கள்.

விசாரணைக்கு மகளும் கூட வந்தாள். அதற்குள் அவளுக்கு வேண்டிய பணம் சேர்ந்திருந்தது. விசாரணை அதிகாரி நல்லவர்.

“டிரைவர் சொன்னாருய்யா. அந்த வீடியோவப் போடச் சொல்லு. ஜனங்க இரக்கப்பட்டுக் குடுத்ததுன்னு எழுதிடுறேன், முடிஞ்சுபோச்சு.”

மகள் போனை மேசைமேல் வைத்து ஓடவிட்டாள். ஓட்டைப் பனியனும், திறந்த வாயும், ஓரத்தில் வழிந்த எச்சிலும் தெரிந்தன. கண்டக்டர் உள்ளங்கையால் திரையை மூடினார்.

“வேணாம் சார். டிக்கெட் குடுக்காம வாங்குனதுன்னே எழுதிக்குங்க.”

“திருடன்னு ஆயிடும்யா!”

“ஆகட்டும் சார். பிச்சைக்காரனுக்குத் திருடன் மேல். அவன் யார்கிட்டயும் அழுது காட்ட வேண்டாம்.”

வாசலுக்கு வந்ததும் மகள் வெடித்தாள். “ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க? உண்மைக்கு ஆதாரம் கையிலயே இருந்துச்சே!”

“எது உண்மை? அந்தப் பனியன் நீ எடுத்துக் குடுத்தது.”

அவள் போனைப் பைக்குள் போட்டாள். “கொஞ்சம் கூட்டிக் காட்டினாத்தாம்ப்பா மனுசங்க திரும்பிப் பாக்குறாங்க,” என்றாள் பிறகு.

அவள் சொன்னது பொய்யில்லை என்பதுதான் அவரை அதிகம் சுட்டது.

சம்பளத்தில் வெட்டு விழுந்தது. பஸ்ஸிலிருந்து எடுத்து, டயர் கிடங்குக்குக் காவல் போட்டார்கள். டிப்போவில் இப்போது யாரும் அவரைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

மகள் வெளிநாடு போய்விட்டாள். நன்றாகவே படிக்கிறாளாம். வாராவாரம் வீடியோவில் கூப்பிடுவாள். அவர் போனைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு உட்காருவார்.

“மூஞ்சியக் காட்டுங்கப்பா.”

“கேக்குதில்ல? பேசு.”