நாகர்கோவில் போகாத கார்

அப்பா தம் பழைய காருக்கு வேறொரு காரின் எஞ்சினை வாங்கி வைத்த சமயத்தில், அத்தை ஸ்ரீவராகத்தில் எங்களோடு இருந்தாள். புக்ககம் நாகர்கோவில். நவராத்திரிக்கு வந்தவள், கொலுவை எடுத்துவைத்த பிறகும் திரும்பவில்லை. கார் சரியானதும் தாமே கொண்டுவந்து விடுவதாக அப்பா, அத்தையின் கணவரான அத்திம்பேருக்குச் சொல்லியனுப்பியிருந்தார்.

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கிளம்பினோம். மெதுவாகப் போகும்வரை கார் சமர்த்தாகப் போயிற்று. கரமனைப் பாலம் தாண்டி வேகமெடுத்ததும் கதவு, கண்ணாடி, அத்தையின் வளையல் எல்லாம் கடகடவென்று ஆடின. திரும்பிவிட்டோம்.

ஒர்க்‌ஷாப் மேஸ்திரி வண்டியை நிறுத்திவைத்து, கியர் போடாமல் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். நின்ற இடத்திலேயே ஆடிற்று.

"சாரே, டயரும் இல்ல, ரோடும் இல்ல. ப்ளைவீல் சேரல்ல."

எஞ்சினுக்குப் பின்னால் சுழலும் அந்தக் கனத்த இரும்புச் சக்கரம் அந்தந்த எஞ்சினுக்கு எடை ஒத்துப்பார்த்துச் செய்ததாம். பழையது நன்றாகத்தானே இருக்கிறது, வீணாக்குவானேன் என்று அதையே புது எஞ்சினில் மாட்டச் சொன்னவர் அப்பாதான். உரிய சக்கரம் ஒர்க்‌ஷாப் மூலையிலேயே கிடந்தது.

"மாத்தித் தராம். ஒரு திவசம் மதி."

மாற்றித்தர ஒரே நாள் போதுமாம். "பாக்கலாம்" என்றார் அப்பா.

அதன்பின் அவர் சொந்தமாக ஆராய்ச்சியில் இறங்கினார். கனம் ஒரு பக்கம் சாய்வதால்தான் ஆட்டமாம். அத்தையை வலப்பக்கம் மாற்றினார். இடப்பக்கம் அம்மாவையும், அது போதாமல் அம்மிக்கல்லையும் ஏற்றினார். ஞாயிறுதோறும் கரமனை வரை போவோம். ஆடும். "இன்னும் ஆடறது" என்று பரீட்சையில் தேறியவர்போல் சொல்லிக்கொண்டு திரும்புவார். அன்றெல்லாம் அத்தை இரண்டாம் தடவை சாதம் போட்டுக்கொள்வாள்.

ஒருநாள் அத்திம்பேரே பஸ்ஸில் வந்து இறங்கினார். அப்பா அவரைக் காரில் முன்னால் உட்கார வைத்தார். எடைக்காக அம்மாவும் நானும் பின்னால். கரமனை தாண்டியதும் அத்திம்பேரின் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது.

"இதுல ஒரு பொம்மனாட்டியை ஏத்திண்டு வரலாமோ, மாப்பிள்ளை?"

"அப்ப பஸ்லயே அழைச்சிண்டு போறேன்."

"வீட்டுல காரை வச்சிண்டு, பொறந்தாத்துலேர்ந்து பொண்ணை பஸ்ல அனுப்பினான்னு ஊர் சிரிக்கவா?"

"ரிப்பேர் பண்ணப்படாதோ?"

"எல்லார்ட்டயும் காட்டியாச்சு. என்னன்னு ஒருத்தருக்கும் தெரியல்லே."

அப்பா மறந்துவிட்டாரே என்று நான் பதறினேன். "எனக்குத் தெரியும்! மேஸ்திரி சொன்..."

அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளில் மீதி வார்த்தை அலறலாக வெளிவந்தது. காரின் ஆட்டத்துக்குக் குழந்தை பயந்துவிட்டது என்று அத்திம்பேரே சொன்னார். மாலையில் தனியாக பஸ் ஏறினார்.

இன்று என் பிள்ளை ஊரார் முன் உண்மை பேசும்போது கிள்ளலாமா என்று யோசிக்கிறேன்; கிள்ளிவிட்டு, கிள்ளியிருக்கலாமா என்றும் யோசிக்கிறேன். அம்மா அன்று யோசித்ததாகத் தெரியவில்லை.

"நான் சொன்னது சரிதானே?" என்று அன்று அத்திம்பேர் போனதும் அம்மாவிடம் அழுதேன்.

"சரிதான். வாயை மூடு."

அத்தைதான் என்னை மடியில் இழுத்துக் கன்றிய இடத்தில் தேங்காயெண்ணெய் தடவினாள். அவள் முழங்கைக்கு மேலே, ரவிக்கை ஓரத்தில், என்னுடையதைவிடப் பெரிய தழும்பு ஒன்று தெரிந்தது.

"உன்னை யார் கிள்ளினா, அத்தை? நீ என்ன சொன்னே?"

அத்தை இன்னும் கொஞ்சம் எண்ணெய் எடுத்துக்கொண்டாள். அவளும் என்னைப்போல் வாயாடி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.