பதில் வராத பழத்தட்டு

ரஸ்தாளிப் பழம் அளவு மீறிக் கனிந்தால் முதல் இரண்டு நாள் தேன் வாசம் அடிக்கும், பிறகு அதுவே புளித்து மூக்கில் ஏறும். நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த அந்த மே மாதத்தில், ஆவடியில் இரண்டே ஜன்னல் வைத்த எங்கள் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் அந்த வாசம் ஒரு வாரத்துக்குக் குடியிருந்தது.

என் அக்கா விமலாவைப் பெண் பார்க்கப் பூந்தமல்லியிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த பழங்கள் அவை. ஒரு சீப்பு ரஸ்தாளி, நாலு ஆப்பிள், சாத்துக்குடி, ஒரு பெரிய கொத்துக் கறுப்புத் திராட்சை. இதற்கு முன் இரண்டு வரன்கள் வந்தபோது அவர்கள் படியிறங்கியதுமே நானும் அப்பாவும் பழத்தட்டைக் காலி செய்திருந்தோம், இரண்டு இடத்திலிருந்தும் "வேண்டாம்" என்றே பதில் வந்தது. அம்மா அந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டாள். மூன்றாவது தட்டை சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, "பதில் வர்ற வரைக்கும் எவளும் எவனும் இதுல கை வெக்கக் கூடாது" என்றாள். 'எவள்' என்றது என்னை, 'எவன்' என்றது ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த அப்பாவைத்தான்.

இத்தனைக்கும் பழம் வீணாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை அம்மா. கறுத்த வாழைப்பழத்தைக் கோதுமை மாவில் பிசைந்து "அப்பம்" சுடுவாள். உதிர்ந்த திராட்சையைக் கொதிக்கவைத்து வடிகட்டி பாட்டிலில் ஊற்றுவாள். சாத்துக்குடித் தோல்கூட எங்கள் வீட்டில் குப்பைக்குப் போனதில்லை. அப்படிப்பட்டவள், நாலாம் நாள் தோல் கறுத்த பழங்களைப் பின்பக்கம் திருப்பி, நல்ல பழங்களை முன்னால் வைத்து, யாரோ பார்க்க வரப்போகிறார்கள் என்பதுபோலத் தட்டை அலங்கரித்துக்கொண்டிருந்தாள்.

ஆறாம் நாள் திராட்சை ஒழுகித் தாம்பாளமெல்லாம் பிசுபிசுத்தது, சின்ன ஈக்கள் மொய்த்தன. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அம்மா வேலையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள், வெறுங்கையோடு திரும்புவாள். பெண் வீட்டுக்காரர்கள் போய்க் கேட்கக் கூடாதாம். அப்பா பேசுவதையே குறைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "இன்னா, இன்னும் பதிலு வரலியா? வாசனை எங்க ஊடு வரைக்கும் வந்துகினு கீது" என்று கேட்டபோது, அக்கா உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு பாதி முடியில் அப்படியே நின்றது. எனக்கு அந்த அம்மாள்மேல் கல்லெடுத்து அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

எட்டாம் நாள் காலை அம்மா ரேஷன் கடைக்குப் போனாள். அவள் தெரு திரும்பியதும் அக்கா தட்டை எடுத்து அடுப்படியில் வைத்தாள். அழுகியதை அரிந்து எறிந்தாள். மிச்சத்தையெல்லாம் வாணலியில் போட்டு, வெல்லத்தைத் தட்டிப் போட்டுக் கிளற ஆரம்பித்தாள். "வேணாங்கா, அம்மா கொன்னுடும்" என்று நான் அழாத குறையாகக் கெஞ்சினேன். அவள் திரும்பியே பார்க்கவில்லை.

அம்மா பையோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாடி பண்ணிட்ட, பாவி? பதில் வரலையேடி இன்னும்."

"யாரு பதில்மா?" அக்கா கிளறுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "அவங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கான்னு எட்டு நாளா வாசலையே பாத்துனு இருக்கியே. எனக்குப் பிடிச்சிருக்கான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

அம்மா அடிப்பாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அடி பிடிக்குது பாரு, நவுரு" என்று அம்மா கரண்டியை வாங்கிக்கொண்டாள். அப்போதும் அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கார்டு வந்தது. ஜாதகம் சரியில்லையாம். நாங்கள் அப்போது அந்த ஜாமைத் தோசைக்குத் தொட்டுக்கொண்டிருந்தோம். யாரும் எழுந்திருக்கவில்லை.

அக்காவுக்கு அடுத்த வருஷமே அயனம்பாக்கத்தில் நல்ல இடம் அமைந்தது. இன்று அந்த குவார்ட்டர்ஸ் வரிசையில் பாதி இடிந்து கிடக்கிறது. பழங்களும் ஸ்டிக்கர் ஒட்டி வருகின்றன, ஃபிரிட்ஜில் ஒரு மாதம் ஆனாலும் வாசமும் இல்லை, அழுகலும் இல்லை. போன மாதம் என் மகளைப் பார்க்க வந்தவர்கள் அப்படி ஒரு கூடை கொடுத்துவிட்டுப் போனார்கள். அக்காவும் வந்திருந்தாள். முப்பது வருஷத்துக்கும் மேலாக எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்காததை அன்றுதான் கேட்டேன்.

"அந்தப் பூந்தமல்லிக்காரரை உனக்குப் பிடிச்சிருந்துச்சாக்கா?"

அக்கா கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ரொம்பப் பிடிச்சிருந்துச்சுடி. அதான் அந்த வாசத்தைத் தாங்க முடியல."

நான் கூடையைப் பிரிக்காமல், மகள் இருந்த அறைக்குப் போனேன்.